பாயிலிருந்து சாரிக்கு ஏறிய பூ

எங்கள் நெசவு நிலையத்துக்கு ஜக்காட் பொறி வந்து இறங்கிய அன்று, எங்களுக்கு நெசவு பழக்குகிற மாஸ்டர் எங்களில் ஒருத்தியையும் அதன் பக்கத்தில் விடவில்லை. மாத்தளையிலிருந்து லொறியில் வந்தது. தறியின் தலைக்கு மேல் ஏற்றி வைக்கிற ஒரு மரக்கூடு, அதற்குள் வரிசை வரிசையாக ஊசிகள். "தொடாதீங்க, ஊசி வளைஞ்சா கண்டியில இருந்துதான் ஆள் வரணும்" என்று கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். பதினான்கு பெண்கள் சுவரோரமாக நின்று பார்த்தோம். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு எரிச்சல். நாளைக்கு அதில் வேலை செய்யப்போவது நாங்கள். தொடாமல் எப்படி வேலை செய்வதாம்? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று உம்மா சொல்வாள். இருக்கட்டும். மூக்கு இருக்கிறவளுக்குத்தானே வரும்.

அந்த நாட்களில் வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோயிருந்தது. பெருநாளைக்கு ஒரு சாரி வேண்டுமென்றால் மாத்தளையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அதனால் அரசாங்கம் ஊருக்கு ஊர் நெசவு நிலையம் திறந்துகொண்டிருந்தது. பல்லேபொலப் பக்கத்தில் எங்கள் ஊரில், கொக்கோ காயவைத்து மூட்டை கட்டிய பழைய ஸ்டோர் ஒன்று சும்மா கிடந்தது. அதில் பத்துத் தறியைப் போட்டார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னமும் கொக்கோ வாசம் வரும். வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் முஸ்லிம் பெண்கள், பாதிப் பேர் சிங்களப் பெண்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வாப்பா மௌத்தாகிவிட்டார். வீட்டில் உம்மாவும் நானும்தான். உம்மா பன் புல்லில் பாய் இழைத்து விற்பாள். நான் வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "கொமரு புள்ள வேலைக்குப் போனா மாப்பிள்ள எங்கால வரும்?" என்று வந்து வந்து கேட்டார்கள். "வாற மாப்பிள்ள அரிசியும் கொண்டு வாறதா ஈந்தா செல்லுங்க, நான் ஊட்டுலயே நிக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு என் காதுபட ஒருவரும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டிருப்பார்கள். முதுகுக்கு ஏது காது.

மாஸ்டர் மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிற தமிழர். கொழும்புப் பக்கம் போய் நெசவு படித்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதில் அவருக்கு ஒரு பெரிய சுகம். ஜக்காட் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு நாள் விளக்கினார். கரும்பலகையில் அம்புக்குறி போட்டார். கடைசியில் விஷயம் இவ்வளவுதான்: நீளமான அட்டையில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த, நெட்டுக்குப் போகிற பாவு நூல் மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கீழே கிடக்கும். எழும்பிய நூலுக்கும் கிடக்கிற நூலுக்கும் நடுவில், ஊடை என்கிற குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு அட்டை. எல்லா அட்டையையும் கயிற்றால் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டால், மிதிக்க மிதிக்கப் பூ வந்துகொண்டே இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இரண்டு நாள்? எங்கள் வீட்டில் தரையில் குந்தியிருந்து உம்மா காலையிலிருந்து மாலை வரை முணுமுணுப்பது இதைத்தானே! "ஒண்ணு எடு, மூணு விடு. ரெண்டு எடு, ஒண்ணு விடு." பன்னை எடுத்தால் மேலே வரும், விட்டால் கீழே போகும். ஓட்டை என்றால் எடு. ஓட்டை இல்லை என்றால் விடு. பிறந்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற பேச்சு.

"மாஸ்டர், இது பாய் இழைக்கிற வேலை மாதிரித்தானே?" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது பிரான்ஸ்ல கண்டுபிடிச்ச மிசின் தங்கச்சி. பாயோட சேக்காத" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பொறியில் பாயை ஏற்றாமல் விடுவதில்லை என்று.

வீம்புக்கு மட்டும் அப்படி நினைத்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பொறியோடு ஒரு உத்தியோகமும் வந்திருந்தது. அட்டை வெட்டுகிற ஒருவருக்கு மாதச் சம்பளம். மற்ற எல்லாரும் நெய்த கெஜத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். அதைவிடப் பெரிய விஷயம், நிலையத்தில் ஒரு தடித்த கொப்பி இருந்தது. நெய்கிற ஒவ்வொரு டிசைனும் அதில் பதிவாகும். பக்கத்தில், அதைச் செய்தவர் பெயர். மாத்தளை அரசாங்கக் கந்தோரிலிருந்து வருகிற மேலதிகாரி, நாங்கள் பெரிய மாத்தயா என்போம், அந்தக் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். அந்த வேலை எனக்கு வேண்டும். அந்தக் கொப்பியில் என் பெயர் வேண்டும். வாய்விட்டே எல்லாரிடமும் சொன்னேன். ஆசையை மூடி மூடி வைக்க எனக்குத் தெரியாது.

உம்மாவிடம் ஒரு பூ இருந்தது. எட்டு மூலைப் பூ என்போம். வெள்ளைப் பாயில் பதங்கி மரச் சீவல் போட்டு அவித்த சிவப்பு. எட்டு மூலையும் விரிந்து, நடுவில் ஒரு சின்னச் சதுரத்தில் வந்து முடியும். ஊரில் எல்லாப் பெண்களும் பாய் இழைப்பார்கள், ஆனால் அந்தப் பூ உம்மாவின் கையில்தான் வரும். கணக்கை மாற்றி மாற்றிப் பிரித்து இழைத்து அவளே கண்டுபிடித்தது. அதைச் சாரியில் போடப்போகிறேன் என்று சொன்னபோது உம்மா பன்னைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஒனக்குப் புத்தி ஈக்கா? படுக்கிற பாயில ஈக்கிற பூவ உடுக்கிற சாரியில போடுறதா? கால் படுற சாமான அடியே! ஆரு உடுப்பா?"

"உடுப்பாங்க. இல்லாட்டி நான் உடுக்கிறேன்."

"என்ட பூவ ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். போ."

அவள் அப்படிச் சொன்னாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். நிலையத்து வாசலில் என்னைக் கண்டதும் "ராத்தா, தலகாணி எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாஸ்டரிடம் ஒரு வெளிநாட்டு டிசைன் புத்தகம் இருந்தது. அதில் ரோசாப் பூ, அன்னம், திராட்சைக் குலை. அவர் ரோசாவைத்தான் போடச் சொன்னார். நான் ஒரு வாரம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில், "சரி, உன் ஆசைய ஏன் கெடுக்கணும். வேலை முடிஞ்ச பிறகு வெட்டிப் பாரு. ஆனா முதல்ல கட்டம் போட்ட தாள்ல வரைஞ்சுட்டுத்தான் வெட்டணும்" என்றார். தாளெல்லாம் எனக்கு எதற்கு? பூ என் வாயில் இருந்தது. பாயை எதிரே விரித்து வைத்து, "ரெண்டு எடு, அஞ்சு விடு" என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் சுத்தியலால் அட்டையில் ஓட்டை அடித்தேன். நான்கு நாளில் நூற்றுச் சொச்சம் அட்டை. கோத்துத் தறியில் ஏற்றினேன். பாவில் வெள்ளை, ஊடையில் சிவப்பு.

அரை முழம் நெய்தவுடன் தெரிந்துவிட்டது. பூ பூவாக வரவில்லை. நீண்டு, இழுபட்டு, பாகற்காயைத் தொங்கவிட்ட மாதிரி வந்தது. யா அல்லாஹ், அன்று சிரித்த சிரிப்பு! மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கட்டத் தாள்ல போடச் சொன்னேனே கேட்டியா? இப்ப பாரு. மூணு வரிக்கு ஒரு வரிய வெட்டித் தள்ளு, பூ உருண்டு வரும்" என்றார்.

வரியை வெட்டினால் எட்டு மூலையும் நடுவிலிருக்கிற சதுரத்தில் வந்து சேராது. ஒன்று இங்கே நிற்கும், ஒன்று அங்கே நிற்கும். வீட்டுக்குப் போய்ப் பாயை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தேன். எங்கே தவறியது? பிறகு விரலால் பன்னை அளந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. பாயில் நெட்டுக்குப் போகிற பன்னும் குறுக்குக்குப் போகிற பன்னும் ஒரே அகலம். அதனால் பத்துக்குப் பத்து எண்ணினால் சதுரம் வரும். தறியில் அப்படியில்லை. பாவு நூல் மெல்லியது, ஊடைக்கு எங்களுக்குத் தந்தது இரட்டைப் புரித் தடி நூல். குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு வரியும் தடித்து உட்கார்ந்து பூவை நீட்டிவிடுகிறது. பாய் இழைக்கிறவள் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள். மாஸ்டர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பூவை வெட்டச் சொன்னார். நூல்தான் தடிப்பு என்றால் நூலை மாற்ற வேண்டும், பூ என்ன குற்றம் செய்தது?

அடுத்த தறியில் ஒரு சிங்களப் பெண் கைக்குட்டைத் துணி நெய்துகொண்டிருந்தாள். என்னை "அக்கே" என்று கூப்பிடுகிற நல்ல பிள்ளை. அவளிடம் ஒற்றைப் புரி மெல்லிய நூல் இருந்தது. என் தடி நூலை அவளிடம் கொடுத்து அவளுடைய மெல்லிய நூலை வாங்கினேன். அவளுக்கு அந்த வாரம் கைக்குட்டைக்குப் பதில் சாக்குத் துணி வந்தது, பாவம். என் நூலை நானே சிவப்பில் நனைத்துக் காயவைத்தேன். அடிப்பலகையால் ஒரு தரம் அடிக்கிற இடத்தில் இரண்டு தரம் அடித்தேன். வரி நெருங்கி நெருங்கி உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் எட்டு மூலைப் பூ எட்டு மூலையோடும் தறியில் விரிந்து கிடந்தது. நடுச் சதுரம் சதுரமாகவே இருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. தலகாணி கேட்டவள் கிட்டே வந்து தடவிப் பார்த்து, "ராத்தா, இதுல எனக்கொரு சாரி வேணும்" என்றாள். சந்தோஷத்தில் அழத் தெரியாதவள் நான், அதனால் அவளைப் பார்த்து "கைய எடு, அழுக்காகும்" என்று கத்தினேன்.

முழுச் சாரியும் நெய்து முடித்த வாரம் பெரிய மாத்தயா ஜீப்பில் வந்தார். சாரியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பிக் காட்ட வேண்டும் என்றார். பிறகு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு சிங்களத்தில், "இது யாருடைய டிசைன்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் சொன்னார்: "நான் செஞ்சது மாத்தயா. பழைய பாய் ஒண்ணப் பாத்து எடுத்தேன். புள்ளைங்க நெய்தாங்க."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எனக்குக் காது இரண்டும் கொதித்தது. "மாஸ்டர், நெஞ்சில கைய வெச்சுச் செல்லுங்க. நீங்க ஒரு ஓட்ட அடிச்சீங்களா?" என்று கேட்டேன். தறிகள் எல்லாம் நின்றுவிட்டன.

பெரிய மாத்தயா என்னைப் பார்த்தார். "எது வரை படித்திருக்கிறாய்?" என்றார்.

"அஞ்சாம் வகுப்பு." பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், எங்கள் ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான்.

"அட்டை வேலைக்கு எட்டாம் வகுப்பு வேண்டும். அதுதான் ரூல்" என்று சொல்லிவிட்டு, மாஸ்டரின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜீப் போன பிறகு மாஸ்டர் என் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோவப்படாத தங்கச்சி. உன் பேர எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க. பேர் என் பேர்ல இருந்துட்டுப் போகட்டும், அட்டைய நீயே வெட்டு. உனக்கு என்னா நட்டம்?" என்றார்.

"எனக்கு என்ன நட்டமா?" ஸ்டூலில் ஏறினேன். தொங்கிய அட்டை மாலையைக் கழற்றினேன். கோத்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்து ஒரே இழுப்பாக உருவினேன். நூற்றுச் சொச்சம் அட்டையும் சீமெந்துத் தரையில் சிதறின. "மாஸ்டர்ட டிசைன் தானே, மாஸ்டரே அடுக்குங்க."

அவர் குனிந்து ஒரு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயோ, நம்பர் போடலியா?"

அட்டை வெட்டுகிற எவரும் ஓரத்தில் நம்பர் போடுவார்களாம். எனக்கு அது தெரியாது. பாய் இழைக்கிறவள் பன்னுக்கு நம்பரா போடுகிறாள்? தாளிலும் ஒன்றும் வரைந்து வைக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வழி முழுக்க அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை, துடைக்கவும் மனமில்லை.

உம்மா திட்டித் தீர்த்தாள். "ஒரு பேருக்கா இவ்வளவு சண்ட? சோத்துக்கு எனத்த செய்ற?" என்றாள். பேச்சோடு பேச்சாகப் பாயை என் கையிலிருந்து பறித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நானும் குந்தியிருந்து பாய் இழைத்தேன். ஒரு மாதம் போலப் போனது. அந்தச் சிங்களப் பிள்ளை மட்டும் வேலை விட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். "மாஸ்டர் இண்டைக்கும் அட்டை அடுக்கினது அக்கே" என்பாள். அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் படுகிற பாட்டைச் சொல்லுவாள். அடுக்கி நெய்தால் பூவுமில்லை, காயுமில்லை, நசுங்கின தவளை மாதிரி வருகிறதாம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, குளிர்ச்சியாகவும் இருந்தது. குளிர்ச்சிதான் கூட.

பிறகு ஒரு நாள் காலையில் ஜீப் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. பெரிய மாத்தயா இறங்கினார். பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்று அந்தச் சிங்களப் பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார். முற்றத்திலேயே நின்று பேசினார். கொழும்புக் கடையில் அந்தச் சாரியை நிறைய வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

"வந்து அந்த அட்டையை அடுக்கித் தா" என்றார்.

"அது மாஸ்டர்ட டிசைன் தானே மாத்தயா. கொப்பியில அப்படித்தானே எழுதினீங்க."

"எட்டாம் வகுப்பு ரூல் இருக்கிறதே, நான் என்ன செய்ய?"

"அப்ப ரூல் வந்து அட்டைய அடுக்குமா?"

அவர் ஜீப்பிலிருந்து கொப்பியை எடுத்தார். பொனட்டில் வைத்து மாஸ்டரின் பெயரைக் கோடு போட்டு வெட்டினார், ஏதோ எழுதினார், கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்து வராது. கொப்பியை வாங்கி அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, "சத்தமா வாசி" என்றேன். அவள் வாசித்தாள். என் பெயர். வாப்பாவின் பெயரோடு சேர்ந்த என் முழுப் பெயர். அட்டை வேலைக்கு என்னை எடுக்க விசேஷமாகச் சிபாரிசு செய்வதாகவும் எழுதியிருந்தது. உடம்பு முழுக்கப் புல்லரித்துவிட்டது. வென்றுவிட்டேன்!

உம்மா ஈரப் பன்னும் கையுமாகக் குசினியிலிருந்து வெளியே வந்தாள். "இன்னொருக்கா வாசி மகள்" என்றாள். அந்தப் பிள்ளை இன்னொரு தரம் வாசித்தாள். உம்மா மாத்தயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பூ ஆருட?"

நான் கொப்பியை அந்தப் பிள்ளையிடமிருந்து வாங்கி மாத்தயாவிடம் நீட்டினேன்.

"மாஸ்டர் களவெடுத்தாரெண்டு செல்லி ஊரெல்லாம் கேக்கச் சத்தம் போட்டியே. நீ ஆருட்ட கேட்டு எடுத்த?"

எனக்கு முகம் எரிந்தது. குடுக்க மாட்டேன் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள். காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது நான்தான். மாஸ்டர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான் என்பது அந்த முற்றத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"மாத்தயா, என்ட பேர வெட்டிட்டு உம்மாட பேரப் போடுங்க" என்றேன்.

"வெட்டத் தேவல்ல" என்றாள் உம்மா. "அட்ட ஒன்ட. பூ என்ட. ரெண்டையும் எழுதச் செல்லு."

நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு டிசைனுக்கு ஒரு பெயருக்குத்தான் கோடு இருக்கிறது என்றார். உம்மாவுக்கு அது விளங்கியதோ என்னவோ, ஜீப்புக்கு முன்னால் போய்ப் பன்னும் கையுமாக நின்றுகொண்டாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தச் சிங்களப் பிள்ளையைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் திரும்பத் திறந்து, கோட்டுக்கு மேலே என் பெயருக்கு முன்னால் உம்மாவின் பெயரைக் கேட்டு எழுதினார்.

அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உம்மா வழியை விட்டு விலகினாள். "மாத்தயாவ இரிக்கச் செல்லு. தேத்தண்ணி ஊத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.